நன்கொடை எப்போது லஞ்சமாகிறது? ஒஹாயோ வழக்கு காட்டும் கோடு

தேர்தலில் நிற்பவருக்குப் பணம் கொடுப்பது குற்றமல்ல. அவர் அதை வாங்கிக்கொள்வதும் குற்றமல்ல. ஜெயித்து வந்தபின், பணம் கொடுத்தவருக்குப் பிடித்தமான சட்டத்தை அவர் ஆதரிப்பதும் தன்னளவில் குற்றமாகாது. இந்த மூன்றும் அடுத்தடுத்து நடந்தால்கூட, அமெரிக்கச் சட்டத்தின் கண்ணில் அது வெறும் அரசியலாகவே கடந்துபோகலாம். அப்படியானால் லஞ்சம் என்று எதைத்தான் சொல்கிறார்கள்? கோடு எங்கே இருக்கிறது?

இதைப் புரிந்துகொள்ள ஒஹாயோ மாநிலத்தின் கதையைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. அங்கே ஒரு மின் நிறுவனம் ஏறத்தாழ 6 கோடி டாலர் கொடுத்தது. மாநில சபாநாயகர் ஒருவர் 20 ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். நடுவில் நடந்தவற்றில் பெரும்பகுதி, தனித்தனியாக எடுத்துப் பார்த்தால், சட்டம் அனுமதித்த காரியங்கள்தான். அதனாலேயே அந்த வழக்கு கவனிக்க வேண்டியது.

முதலில் சில அடிப்படைகள். அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனிச் சட்டமன்றம் உண்டு. பெரும்பாலும் இரண்டு அவைகள். ஆளுநர் என்றால் நம் ஊரைப்போல மேலிருந்து நியமிக்கப்பட்டவர் என்று எண்ணிவிட வேண்டாம். அவர் மக்களிடம் வாக்குக் கேட்டு ஜெயித்து வருபவர், நம் முதலமைச்சரின் இடத்தில் இருப்பவர். சபாநாயகரும் நடுவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் அல்ல. கீழவையின் பெரும்பான்மைக் கட்சியை நடத்துபவரே அவர்தான். எந்த மசோதா விவாதத்துக்கு வரும், எது குழுவிலேயே கிடந்து சாகும் என்பது பெரும்பாலும் அவர் கையில். ஆளுநரின் பெயர் தெரிந்த அளவுக்கு சபாநாயகரின் பெயர் சாதாரண வாக்காளருக்குத் தெரிவதில்லை. காரியம் ஆக வேண்டியவர்களுக்கு மட்டும் நன்றாகத் தெரியும்.

தேர்தல் நன்கொடைக்கு வருவோம். 1976ஆம் ஆண்டு பக்லி எதிர் வலேயோ என்ற வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு பிரிவினையைச் செய்தது. வேட்பாளரின் கையில் கொடுக்கும் பணத்துக்கு உச்சவரம்பு வைக்கலாம். ஏனென்றால் அங்கே ஊழல் நுழைய வாய்ப்பு இருக்கிறது. ஆனால் தன் கருத்தைப் பரப்ப ஒருவர் தானாகவே செலவழிக்கும் பணத்துக்கு வரம்பு வைக்கக்கூடாது. அது பேச்சுரிமையில் கைவைப்பதாகும். 2010இல் சிட்டிசன்ஸ் யுனைட்டெட் தீர்ப்பு இந்த இரண்டாவது சலுகையை நிறுவனங்களுக்கும் தொழிற்சங்கங்களுக்கும் நீட்டித்தது. வேட்பாளரோடு கலந்து பேசாமல், தனியாகச் செலவழிக்கும் வரை எவ்வளவு வேண்டுமானாலும் செலவழிக்கலாம்.

‘கலந்து பேசாமல்’ என்ற சொல்லை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மொத்தக் கட்டடமும் அந்த ஒரு தூணின் மேல்தான் நிற்கிறது.

ஒஹாயோவில் அப்போதைய விதிப்படி, ஒரு தனிநபர் ஒரு வேட்பாளருக்குத் தேர்தல் ஒன்றுக்கு ஏறத்தாழ 13,000 டாலர்தான் கொடுக்க முடியும். நிறுவனங்கள் வேட்பாளருக்கு நேரடியாகக் கொடுக்கவே கூடாது. கொடுத்தவர் பெயரும் தொகையும் பொதுப் பதிவில் ஏறிவிடும். படித்தால் கண்டிப்பான சட்டம் போலத்தான் தெரிகிறது. ஓட்டை வேறு இடத்தில் இருந்தது. வருமான வரிச் சட்டத்தின் 501(சி)(4) என்ற பிரிவில் ‘சமூக நல அமைப்பு’ ஒன்றைப் பதிவு செய்யலாம். அரசியலே முதன்மை வேலையாக இல்லாதவரை, அது தேர்தல் விளம்பரங்களுக்கும் செலவழிக்கலாம். யாரிடம் எவ்வளவு வாங்கியது என்று ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை. வரம்பும் கிடையாது. இப்படி வரும் பணம் வரி ஏய்த்த பணம் அல்ல. வங்கி வழியாக, காசோலையாக, கணக்கோடுதான் வருகிறது. கொடுத்தவரின் முகம் மட்டும் தெரியாது.

இனி கதை. ஈரி ஏரியின் கரையில் டேவிஸ்-பெஸ்ஸி, பெர்ரி என்று இரண்டு அணுமின் நிலையங்கள். ஆக்ரன் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட ஃபர்ஸ்ட் எனர்ஜி நிறுவனத்தின் துணை நிறுவனம் ஒன்று அவற்றை நடத்திவந்தது. பாறை அடுக்குகளிலிருந்து எடுக்கப்பட்ட மலிவான இயற்கை எரிவாயு சந்தைக்கு வந்ததும், அணுமின்சாரம் விலையில் தோற்றது. 2018 மார்ச் கடைசியில் அந்தத் துணை நிறுவனம் திவால் மனு கொடுத்தது. நிலையங்களைக் காப்பாற்ற வேண்டுமானால் மின் நுகர்வோரிடமிருந்து மாதந்தோறும் பணம் வசூலிக்கும் ஒரு சட்டம் வேண்டும். சட்டம் வேண்டுமானால் அதை நிறைவேற்றித் தரும் ஆள் வேண்டும்.

லாரி ஹவுஸ்ஹோல்டர் என்ற குடியரசுக் கட்சிக்காரர் 2001 முதல் 2004 வரை ஏற்கெனவே சபாநாயகராக இருந்தவர். அந்தப் பதவியை விட்டுப் போகும்போதே எஃப்.பி.ஐ. அவரைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தது. வழக்கு எதுவும் போடப்படவில்லை. 2016 தேர்தலில் ஜெயித்து மறுபடி அவைக்குள் வந்தார். சாதாரண உறுப்பினராக உட்கார்ந்திருக்க அவர் வரவில்லை. 2017 ஜனவரியில், டிரம்ப் பதவியேற்பு விழாவுக்கு ஃபர்ஸ்ட் எனர்ஜியின் தனி விமானத்தில் வாஷிங்டன் போனார். அடுத்த மாதமே ஜெனரேஷன் நவ் என்ற சமூக நல அமைப்பு பதிவானது. பெயர் அப்பாவித்தனமாக இருந்தது. கணக்கு வழக்கு அவரது ஆலோசகர் ஜெஃப் லாங்ஸ்ட்ரெத்தின் கையில். மார்ச் மாதத்திலிருந்து ஃபர்ஸ்ட் எனர்ஜியின் பணம் காலாண்டுக்கு இரண்டரை லட்சம் டாலர் வீதம் அந்தக் கணக்கில் விழத் தொடங்கியது. அந்த நிறுவனமும் தன் பங்குக்கு வேறொரு சமூக நல அமைப்பை நிறுவி, பணத்தின் ஒரு பகுதியை அதன் வழியாகச் சுற்றி அனுப்பியது. முகமில்லாத ஒரு பெட்டியிலிருந்து முகமில்லாத இன்னொரு பெட்டிக்கு.

பணம் என்ன செய்தது? 2018 தேர்தலில், ஜெயித்து வந்தபின் சபாநாயகர் பதவிக்கு ஹவுஸ்ஹோல்டருக்கு வாக்களிப்பார்கள் என்று நம்பப்பட்ட 21 வேட்பாளர்களுக்காக விளம்பரங்களாகவும் துண்டறிக்கைகளாகவும் மாறியது. அவர்களில் பெரும்பாலோர் ஜெயித்தார்கள். 2019 ஜனவரியில் 52க்கு 46 என்ற கணக்கில் ஹவுஸ்ஹோல்டர் சபாநாயகரானார். எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சியின் உறுப்பினர்கள் 26 பேர் அவருக்கு ஆதரவு தந்திருந்தார்கள் என்பது இந்தக் கதையின் சுவையான கிளை. இப்போதைக்கு அதை விட்டுவிடுவோம். சில மாதங்களில் ஆறாம் எண் மசோதா அவைக்கு வந்தது.

அந்த மசோதா பல அடுக்குகள் கொண்டது. வீட்டு மின் இணைப்பு ஒவ்வொன்றுக்கும் 2021 முதல் மாதம் 85 சென்ட் கூடுதல் கட்டணம். அதிலிருந்து அணுமின் நிலையங்களுக்கு ஆண்டுக்கு 15 கோடி டாலர். இரண்டு பழைய நிலக்கரி மின் நிலையங்களுக்குத் தனிக் கட்டணம். அவற்றில் ஒன்று ஒஹாயோவிலேயே இல்லை, பக்கத்து இந்தியானா மாநிலத்தில் இருக்கிறது. காற்றாலை, சூரிய மின்சாரம் ஆகியவற்றுக்கு இருந்த இலக்குகள் குறைக்கப்பட்டன. மின் சிக்கனத் திட்டங்கள் கைவிடப்பட்டன. இவற்றுக்கு நடுவே ஒரு சின்னப் பிரிவு: மின் விற்பனை குறைந்தாலும் நிறுவனத்தின் வருவாய் 2018ஆம் ஆண்டு அளவிலேயே உறுதி செய்யப்படும். தங்கள் தொழிலில் மூன்றில் ஒரு பகுதிக்குப் பொருளாதார மந்தத்திலிருந்து பாதுகாப்புக் கிடைத்துவிட்டதாக ஃபர்ஸ்ட் எனர்ஜியின் தலைமை நிர்வாகி முதலீட்டாளர்களிடம் பிறகு பெருமையாகச் சொன்னார். அணுமின் நிலையத் தொழிலாளர்களின் வேலையைக் காப்பாற்றும் சட்டம் என்றுதான் ஊருக்குச் சொல்லப்பட்டது. அதில் உண்மையும் இல்லாமலில்லை. ஆனால் இந்தச் சின்னப் பிரிவைப் பற்றி எந்தத் துண்டறிக்கையிலும் விளக்கம் வராது.

2019 ஜூலை 23 அன்று 51க்கு 38 என்று அவை இறுதி ஒப்புதல் தந்தது. அன்றே ஆளுநர் மைக் டிவைன் கையெழுத்திட்டார். நுகர்வோர் தலையில் விழுந்த சலுகைகளின் மொத்த மதிப்பு ஏறத்தாழ 130 கோடி டாலர். 6 கோடி போட்டு 130 கோடி எடுக்கும் தொழில் வேறு எங்கே இருக்கிறது?

மக்கள் சும்மா இருக்கவில்லை. ஒஹாயோவில் புதுச் சட்டத்தைப் பொதுவாக்கெடுப்புக்கு விட வழி உண்டு. அதற்கு 90 நாள்களுக்குள் 2,65,774 செல்லுபடியான கையெழுத்துகள் வேண்டும். மனுவின் வாசகத்தை மாநிலத்தின் தலைமை வழக்கறிஞர் முதலில் நிராகரித்ததில் ஒரு மாதத்துக்கும் மேல் போய்விட்டது. மீதியிருந்த நாள்களில் நடந்ததுதான் இந்தக் கதையிலேயே அசிங்கமான பகுதி. சீன அரசு நம் மின் கட்டமைப்பைக் கைப்பற்றப் பார்க்கிறது, எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள் என்று தொலைக்காட்சி விளம்பரங்கள். கடைத்தெருவில் கையெழுத்து வாங்க நின்றவர்களைச் சுற்றி, இடைமறிக்கவென்றே கூலிக்கு அமர்த்தப்பட்ட ஆள்கள். வேலையை விட்டுவிட்டுப் போக, கையெழுத்துச் சேகரிப்பவர்களுக்கே பணம். மாநிலக் குடியரசுக் கட்சியின் முன்னாள் தலைவர் மேத்யூ போர்கஸ், எதிர்முகாமில் வேலை செய்த ஒருவருக்கு 15,000 டாலர் கொடுத்து உள்தகவல் வாங்கப் பார்த்தார். அந்த மனிதர் எஃப்.பி.ஐ.யிடம் போய்ச் சொல்லிவிட்டார். மொத்த 6 கோடியில் பாதிக்கும் மேல் இந்த மூன்று மாதங்களில்தான் செலவானது. கெடு முடிந்தபோது கிடைத்திருந்தவை 2,21,092 கையெழுத்துகள். போதவில்லை.

இந்த இடத்தில் நிறுத்தி முதல் கேள்விக்குத் திரும்புவோம். இதுவரை சொன்னதில் குற்றம் எது? சமூக நல அமைப்பு நிறுவுவது குற்றமல்ல. அதற்கு நிறுவனம் பணம் தருவது குற்றமல்ல. தனக்குச் சாதகமான வேட்பாளர்களை ஜெயிக்க வைப்பது, விளம்பரம் போடுவது, சீனாவைச் சொல்லிப் பயமுறுத்துவது, எதுவும் லஞ்சமல்ல. நீதிமன்றத்தில் ஹவுஸ்ஹோல்டர் தரப்பு சொன்னதும் இதுதான்: அவர் அணுமின் நிலையங்களை உண்மையாகவே ஆதரித்தார், நிறுவனம் தன்னை ஆதரிப்பவருக்கு உதவியது, இதற்குப் பெயர் அரசியல். இந்த வாதத்தைச் சிரித்து ஒதுக்கிவிட முடியாது. ஒரு தொகுதியில் ஆலை இருக்கிறது, அதன் முதலாளியும் தொழிற்சங்கமும் அந்தத் தொகுதி உறுப்பினருக்கு நிதி தருகிறார்கள், அவர் ஆலைக்காகப் பேசுகிறார் என்றால் அதைக் குற்றம் என்று சொல்ல முடியுமா? சொன்னால் பாதிச் சட்டமன்றம் சிறையில்தான் இருக்க வேண்டும்.

இந்தச் சிக்கலைத்தான் 1991இல் மெக்கார்மிக் வழக்கில் உச்ச நீதிமன்றம் கையாண்டது. அதுவும் மாநில அளவு விவகாரம்தான். மேற்கு வர்ஜீனியாவில் மருத்துவர் தட்டுப்பாடு. வெளிநாட்டில் படித்தவர்கள் மாநிலத் தேர்வில் தேறாமலேயே தற்காலிக அனுமதியில் வேலை செய்துவந்தார்கள். அந்த ஏற்பாடு தொடர வேண்டும் என்று அவர்களுக்காகப் பேசிவந்தவர் ராபர்ட் மெக்கார்மிக் என்ற மாநில அவை உறுப்பினர். 1984 தேர்தல் சமயத்தில், அந்த மருத்துவர்களின் பிரதிநிதியிடம், பிரச்சாரத்துக்கு நிறையச் செலவாகிறது, உங்கள் ஆள்களிடமிருந்து ஒன்றும் வரவில்லையே என்றார். ஓர் உறை வந்தது. உள்ளே ஒன்பது நூறு டாலர் நோட்டுகள். பிறகும் பணம் வந்தது. அடுத்த ஆண்டு, தேர்வில்லாமல் நிரந்தர உரிமம் தரும் மசோதாவை முன்மொழிந்தார். அது சட்டமாகி இரண்டு வாரத்தில் இன்னொரு தொகை ரொக்கமாக வந்தது. இந்தப் பணத்தைத் தேர்தல் நிதிக் கணக்கிலும் அவர் காட்டவில்லை, வருமானத்திலும் காட்டவில்லை.

கேட்டவுடன் லஞ்சம் என்றுதானே தோன்றுகிறது? உச்ச நீதிமன்றம் அவரது பணப்பறிப்புத் தண்டனையை ரத்து செய்து வழக்கைத் திருப்பி அனுப்பியது. தேர்தல் நிதியாக வந்த பணம் குற்றமாக வேண்டுமானால், ‘இதற்காக இதைச் செய்கிறேன்’ என்ற வெளிப்படையான வாக்குறுதி இருந்திருக்க வேண்டும். வெறுமனே பணமும் பலனும் அருகருகே இருப்பது போதாது என்றது. நன்கொடையையும் லஞ்சத்தையும் பிரிக்கும் கோடு அன்று இப்படித்தான் போடப்பட்டது. தொகையின் அளவு முக்கியமில்லை. பணமும் பதவிச் செயலும் ஒன்றுக்கு ஒன்று விலையாகப் பேசப்பட்டதா என்பதே முக்கியம். சுருக்கமாகச் சொன்னால் கைம்மாறு ஒப்பந்தம்.

ஒப்பந்தம் என்றவுடன் கையெழுத்துப் போட்ட பத்திரத்தை யாரும் எதிர்பார்ப்பதில்லை. அடுத்த ஆண்டே, ஜார்ஜியா மாநிலத்தின் உள்ளாட்சி உறுப்பினர் ஒருவரின் வழக்கில் நீதிபதி கென்னடி, வாயால் சொன்னால்தான் ஒப்பந்தம் என்றால் கண்சிமிட்டலும் தலையசைப்பும் சட்டத்தை ஏமாற்றிவிடும் என்று எழுதினார். நம் கல்யாண வீட்டு மொய் எழுதும் பழக்கத்தை நினைத்துப் பாருங்கள். திருப்பிச் செய் என்று யாரும் கேட்பதில்லை. ஆனாலும் நோட்டில் பெயர் இருக்கிறது, இரண்டு தரப்புக்கும் தெரியும். அரசியல் நன்கொடையில் அந்த நோட்டு ஆள்களின் தலைக்குள் இருக்கிறது. அதை எப்படி நீதிமன்றத்தில் காட்டுவது என்பதுதான் அரசுத் தரப்பின் தலைவலி.

சிலர் அந்த வேலையைச் சுலபமாக்கித் தருகிறார்கள். இல்லினாய் மாநில ஆளுநர் ராட் பிளகோயெவிச் அப்படிப்பட்டவர். அரசு ஒப்பந்தக்காரர்கள் ஆளுநருக்கு நிதி தருவதைத் தடுக்கும் புதுச் சட்டம் 2009 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வரவிருந்தது. ஊழலைத் தடுக்க வந்த சட்டம், அதற்குள் வசூலித்து முடிக்கும் அவசரத்தை உண்டாக்கியது. 2008 இலையுதிர்காலத்தில், சிகாகோவின் குழந்தைகள் மருத்துவமனை ஒன்று கேட்டிருந்தபடி, குழந்தை நல மருத்துவர்களுக்கு மாநிலம் தரும் கட்டணத்தை உயர்த்த அவர் ஒப்புக்கொண்டார். 80 லட்சம் டாலர் சமாசாரம். பிறகு அந்த மருத்துவமனைத் தலைவரிடமிருந்து 50,000 டாலர் நிதி எதிர்பார்த்தார். பணம் வருகிற வழியாகத் தெரியவில்லை. உடனே, அந்த உயர்வை நிறுத்திவைக்க முடியுமா என்று அதிகாரியிடம் தொலைபேசியில் கேட்டார். தொலைபேசியை எஃப்.பி.ஐ. ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தது. ஒபாமா காலிசெய்த செனட் இடத்தை விலைபேசியதுதான் அவரை உலகப் புகழடையச் செய்தது. எனக்கென்னவோ மருத்துவமனை விவகாரம்தான் கோட்டைத் துல்லியமாகக் காட்டுவதாகத் தோன்றுகிறது. நிதி கேட்டது குற்றமல்ல. நிதி வராததால் குழந்தைகளின் மருத்துவக் கட்டணத்தில் கைவைக்கப் போனாரே, அந்த அசைவில்தான் ஒப்பந்தம் வெளியே தெரிந்தது. 2011இல் 14 ஆண்டுத் தண்டனை. 2020இல் டிரம்ப் அதைக் குறைத்து வெளியே விட்டார். 2025இல் முழு மன்னிப்பும் வழங்கினார்.

கோடு மறுபக்கமும் நகர்ந்திருக்கிறது. வர்ஜீனியா ஆளுநராக இருந்த பாப் மெக்டானலும் அவர் மனைவியும் ஒரு மருந்துச் சத்துப்பொருள் வியாபாரியிடமிருந்து ரோலெக்ஸ் கைக்கடிகாரம் உட்பட 1,75,000 டாலருக்கும் மேல் பரிசுகளும் கடனும் பெற்றார்கள். இது தேர்தல் நிதிகூட அல்ல. ஆனாலும் 2016இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவர் தண்டனையை ரத்து செய்தது. அதிகாரிகளைச் சந்திக்க ஏற்பாடு செய்தது, விருந்து வைத்தது இவையெல்லாம் ‘பதவிச் செயல்’ ஆகாதாம். அருவருப்பான விவகாரம்தான், ஆனால் எங்கள் கவலை அதைப் பற்றியதல்ல என்ற தொனியில் தீர்ப்பு இருந்தது. கதவைத் திறந்துவிட்டதற்குப் பணம் வாங்கினால் பரவாயில்லை, கையெழுத்துப் போட்டதற்கு வாங்கினால்தான் தப்பு என்று பாமரருக்குப் புரிகிறது. தீர்ப்பு அவ்வளவு மொட்டையாகச் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஊழல் வழக்குகள் நடத்துவது கடினமாகிவிட்டது என்பதில் ஐயமில்லை.

இந்தப் பின்னணியோடு ஒஹாயோவைப் பார்த்தால், அரசுத் தரப்பு ஏன் ஜெயித்தது என்பது விளங்கும். 6 கோடி பெரிய தொகை என்பதால் அல்ல. முதலாவது, பேச்சு பதிவாகியிருந்தது. குறுஞ்செய்திகள், ஒலிப்பதிவுகள், உள்ளேயிருந்தவர்களின் சாட்சியம் எல்லாம் இருந்தன. 2018 அக்டோபரில், அணுமின் நிலையங்களுக்கு என்ன சட்டம் வேண்டும் என்று பேச நடந்த ஒரு சந்திப்பிலேயே 4 லட்சம் டாலர் காசோலை ஹவுஸ்ஹோல்டரிடம் தரப்பட்டது என்று, நிறுவனத்துக்காக வேலை செய்த தரகர் ஒருவர் நீதிமன்றத்தில் சொன்னார். ஒரே மேசையில் கோரிக்கையும் காசோலையும். இரண்டாவது, ஜெனரேஷன் நவ் தனி அமைப்பு என்ற நாடகம் கலைந்தது; அது சபாநாயகரின் பை என்று அவருடைய ஆள்களே பேசிக்கொண்டது பதிவாகியிருந்தது. முன்பு மனதில் வைத்துக்கொள்ளச் சொன்ன ‘கலந்து பேசாமல்’ என்ற தூண் அதோடு விழுந்தது. மூன்றாவதுதான், குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்லும் நடுவர் குழுவின் மனத்தில் ஆழமாகப் பதிந்திருக்கும் என்று நினைக்கிறேன்: ஏறத்தாழ 5 லட்சம் டாலர் அவருடைய சொந்தச் செலவுக்குப் போயிருந்தது. கடன் அட்டை பாக்கி, ஃபுளோரிடாவில் இருந்த வீட்டின் பழுதுபார்ப்பு, வியாபார வழக்கு ஒன்றைத் தீர்த்துக்கொண்டது. கொள்கைக்காகத்தான் எல்லாம் என்ற வாதம், வீட்டுக்கூரைச் செலவுச் சீட்டின் முன் எடுபடாது.

2020 ஜூலை 21 அன்று ஹவுஸ்ஹோல்டரும் நான்கு பேரும் கைதானார்கள். ஒன்பது நாளில் 90க்கு 0 என்று அவை அவரைச் சபாநாயகர் பதவியிலிருந்து இறக்கியது. ஆனால் உறுப்பினர் பதவி போகவில்லை. நவம்பர் தேர்தலில் அவர் தொகுதியின் வாக்குச்சீட்டில் அச்சாகியிருந்தது அவர் பெயர் மட்டும்தான்; குற்றம் சாட்டப்பட்ட நிலையிலேயே ஜெயித்தும் வந்தார். 2021 ஜூனில் 75க்கு 21 என்ற வாக்கில்தான் அவையிலிருந்து வெளியேற்றப்பட்டார். 2023 மார்ச்சில் சின்சினாட்டியில் நடுவர் குழு அவரையும் போர்கஸையும் குற்றவாளிகள் என்றது. ஜூனில் அவருக்கு 20 ஆண்டு, போர்கஸுக்கு 5 ஆண்டு. 2025 மே மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. லாங்ஸ்ட்ரெத்தும் தரகர் ஒருவரும் முன்பே குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டார்கள்.

கொடுத்த பக்கம்? ஃபர்ஸ்ட் எனர்ஜி 2021இல் 23 கோடி டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டு, வழக்கைத் தள்ளிவைக்கும் உடன்பாடு செய்துகொண்டது. அந்த உடன்பாட்டில்தான் இன்னொரு உண்மை வந்தது. மின்கட்டணத்தை ஒழுங்குபடுத்தும் மாநில ஆணையத்துக்குத் தலைவராகப் போகவிருந்த சாம் ரண்டாஸோவுக்கு, நியமனத்துக்குச் சற்று முன் 43 லட்சம் டாலர் கொடுத்ததாக நிறுவனமே எழுதிக் கொடுத்தது. சட்டமியற்றும் இடத்தில் ஒருவர், கட்டணம் நிர்ணயிக்கும் இடத்தில் ஒருவர். ரண்டாஸோ குற்றச்சாட்டை மறுத்தார். விசாரணை தொடங்குமுன் 2024இல் இறந்துபோனார். நிறுவனத்தின் முன்னாள் தலைமை நிர்வாகி சக் ஜோன்ஸும் மூத்த அதிகாரி ஒருவரும் 2024இல் மாநில அரசாலும் 2025 ஜனவரியில் மத்திய அரசாலும் குற்றம் சாட்டப்பட்டார்கள். இருவரும் மறுத்திருக்கிறார்கள். வாங்கியவருக்கு 2023இல் தீர்ப்பு, கொடுத்ததாகச் சொல்லப்படுபவர்கள் மீது அதன் பிறகுதான் குற்றப்பத்திரிகையே என்ற இடைவெளி எனக்கு உறுத்துகிறது.

ஏன் இப்படிப்பட்ட விவகாரங்கள் மாநில அளவில் அதிகம் முளைக்கின்றன? வாஷிங்டனில் ஒரு செனட்டரைச் சுற்றி நூறு நிருபர்கள் இருப்பார்கள். மாநிலத் தலைநகரில் செய்தியாளர் அறை ஆண்டுக்கு ஆண்டு காலியாகி வருகிறது. ஆனால் மின்கட்டணம், மருத்துவ உரிமம், மதுக்கடை, சூதாட்ட அனுமதி, மருத்துவமனைக்குத் தரும் தொகை எல்லாம் அங்கேதான் முடிவாகின்றன. ஒரு சபாநாயகரைப் பிடித்தால் போதும் என்னும் அளவுக்கு அதிகாரம் ஓரிடத்தில் குவிந்திருக்கிறது. ஒஹாயோவில் பதவிக்கால வரம்பை மாற்றி, ஹவுஸ்ஹோல்டர் இன்னும் 16 ஆண்டுவரை நீடிக்க வழிசெய்யும் முயற்சியும் அதே பணத்தில் தொடங்கப்பட்டிருந்தது. கைது நடந்திராவிட்டால் அது எங்கே போய் நின்றிருக்குமோ.

செய்தித்தாளில் ஒரு நன்கொடை விவரத்தைப் பார்க்கும்போது தொகையைக் கண்டு மலைப்பதைவிட, வேறு சிலவற்றைக் கவனிப்பது பயன் தரும். கொடுத்தவருக்கு அந்த நேரத்தில் அரசிடம் என்ன காரியம் பாக்கியிருந்தது? மசோதாவா, உரிமமா, ஒப்பந்தமா? பணம் வந்த தேதிக்கும் அந்தக் காரியம் நகர்ந்த தேதிக்கும் எவ்வளவு தூரம்? வாங்கிய அமைப்பின் பெயரில் ‘நம்பிக்கை’, ‘முன்னேற்றம்’, ‘எதிர்காலம்’ என்று ஏதேனும் நல்ல சொல் இருந்து, அதன் முகவரியும் வங்கிக் கையெழுத்தும் ஓர் அரசியல்வாதியின் உதவியாளரிடம் போய் முடிகிறதா? வேட்பாளருக்கு வாக்கு வாங்கித் தராத ஏதாவது செலவு அதில் இருக்கிறதா? இவற்றில் எதுவும் தனியாக லஞ்சத்தை நிரூபிக்காது; மெக்கார்மிக் தீர்ப்பு அதைத்தானே சொன்னது. ஆனால் எங்கே தோண்ட வேண்டும் என்பதை இத்தகைய கேள்விகள்தான் காட்டும்.

சட்டத்துக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். 85 சென்ட் கட்டணத்தை வசூல் தொடங்குமுன்பே 2020 டிசம்பரில் நீதிமன்றம் தடுத்துவிட்டது. அணுமின் நிலையச் சலுகையை 2021 மார்ச்சில் சட்டமன்றமே நீக்கியது. நிலக்கரி நிலையங்களுக்கான கட்டணத்தை அது தொடவில்லை. சபாநாயகர் சிறைக்குப் போன பிறகும் ஒஹாயோ மக்கள், இந்தியானாவில் இருக்கும் நிலையத்துக்கும் சேர்த்து, மாதாமாதம் கட்டிக்கொண்டிருந்தார்கள். 2025இல் நிறைவேறிய இன்னொரு சட்டம்தான் அதற்கு முடிவு கட்டியது. ஜெனரேஷன் நவ் போன்ற அமைப்புகள் தங்களுக்குப் பணம் கொடுத்தவர்களின் பெயரை வெளியிட வேண்டும் என்ற மசோதாக்கள் கைதுக்குப் பிறகு அதே அவையில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை கொண்டுவரப்பட்டன. 2024 முடியும் வரை அவற்றில் ஒன்றும் சட்டமாகவில்லை.